விளக்கு எரிகிறது, தண்ணீர் மட்டும் பச்சையாகவே இருக்கிறது

வெயில் ஏறத் தொடங்கும் மாசி, பங்குனியில் வீட்டில் கோய் மீன் குளம் வைத்து, பாசியைப் புற ஊதாக் கதிரால் அழிக்கும் யூ.வி. கருவியும் பொருத்தியிருப்பவர்கள் சொல்லும் புகார் அநேகமாக ஒன்றுதான்: "யூ.வி. ஓடுது, நீல லைட்டும் தெரியுது, தண்ணி மட்டும் பச்சையாவே இருக்கு." கடைக்காரர் பதிலும் ஒன்றுதான்: "பல்பை மாத்திப் பாருங்க." பல்பை மாற்றுகிறார்கள். பாதிப் பேருக்குப் பச்சை போவதில்லை. ஏனென்றால் யூ.வி.யில் பல்ப் என்பது ஒரு பாகம்தான். பல்பில் பிறக்கும் கதிர் குவார்ட்ஸ் குழாயைத் தாண்டி, தண்ணீரைத் தாண்டி, பாசியின் மேல் போதுமான நேரம் விழ வேண்டும். செத்த பாசியை ஃபில்டர் பிடிக்கவும் வேண்டும். இந்த வழியில் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்காமல் காசு செலவழிப்பதில் பயனில்லை.

முதலில் ஒரு கண்ணாடி டம்ளர் போதும். குளத்தின் நடுவிலிருந்து தண்ணீர் மொண்டு வெள்ளைத் தாளுக்கு முன்னால் வையுங்கள். டம்ளர் முழுக்க ஒரே சீராகப் பச்சை என்றால் அது மிதக்கும் ஒற்றைச் செல் பாசி, யூ.வி. செய்ய வேண்டிய வேலை அதுதான். டம்ளரில் தண்ணீர் தெளிவாக இருந்து, குளம் மட்டும் பச்சையாகத் தெரிந்தால், பாசி சுவரிலும் தரையிலும் ஒட்டியிருக்கிறது. நூல் நூலாகத் தொங்கும் பாசியும் இதே வகைதான். ஒட்டியிருப்பது யூ.வி. குழாய்க்குள் போகவே போகாது. எத்தனை வாட் போட்டாலும் அசையாது. அதைக் கையாலோ பிரஷ்ஷாலோதான் எடுக்க வேண்டும். டம்ளரில் பச்சைக்குப் பதில் பழுப்போ மஞ்சளோ தெரிந்தால் இலைச் சாறு. அதற்கு யூ.வி. மருந்தல்ல, ஆக்டிவேட்டட் கார்பன்தான் மருந்து. மீனுக்கு நல்லது என்று நாட்டு வாதாம் இலை போடும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்: இலையிலிருந்து ஊறும் டானின் என்ற சாயம் யூ.வி.யின் 254 நானோமீட்டர் கதிரை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். பார்வைக்கு டீத்தண்ணீர் போல ஆன குளத்தில் கதிர் குழாயின் அருகிலேயே மடிந்துவிடுகிறது.

இனி அந்த நீல வெளிச்சம். பாசியைத் தாக்குவது 254 நானோமீட்டர் அலைநீளக் கதிர். அது பாசியின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது, பாசியால் பெருக முடியாமல் போகிறது. இந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கும் நீலம் பாதரச ஆவி கூடவே வெளியிடும் வேறு ஒளி. பல்ப் பழசாகும்போது தெரியாத கதிர் குறைந்துகொண்டே போகும். தெரியும் நீலம் பெரிதாக மாறாது. அதனால் யூ.வி. கருவியின் பார்வை ஜன்னல் வழியே நீலம் தெரிவதை வைத்து "மின்சாரம் வருகிறது, பல்ப் பற்றியிருக்கிறது" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. சாதாரண யூ.வி. பல்புகளுக்குக் கம்பெனிகள் சொல்லும் ஆயுள் 8,000 முதல் 9,000 மணி. நிற்காமல் ஓடினால் ஆண்டுக்கு 8,760 மணி. ஆகவே ஆண்டுக்கு ஒரு பல்ப். அதை வெயில் தொடங்கும் முன், தை மாதத்தில் மாற்றுவது புத்திசாலித்தனம். ஐப்பசி மழையில் மாற்றினால் புதுப் பல்பின் வலு குளிர்காலத்தில் வீணாகி, கோடைக்குக் களைத்த பல்பே மிஞ்சும். பல்ப் போட்ட தேதியை யூ.வி.யின் வெளிக்கூடான பாடியின் மேல் மார்க்கரால் எழுதிவையுங்கள்.

பணம் மிச்சம் பிடிக்க டைமர் வைத்து இரவில் அணைப்பவர்கள் உண்டு. 36 வாட் பல்ப் மாதம் முழுக்க ஓடினாலும் சோக்கையும் சேர்த்து 30 யூனிட் பக்கம்தான். ஒவ்வொரு முறை பற்றும்போதும் பல்பின் முனைகள் கொஞ்சம் தேய்கின்றன. அணைத்து அணைத்துப் போடுவதில் பல்ப் சீக்கிரம் போகும். மிச்சம் பிடித்தது பல்ப் செலவில் போய்விடும்.

பல்பை விட அதிகம் சந்தேகப்பட வேண்டியது குவார்ட்ஸ் ஸ்லீவ், அதாவது பல்பைச் சுற்றியிருக்கும் கண்ணாடிக் குழாய். போர் தண்ணீர் ஊற்றும் குளங்களில் இதுதான் முதல் குற்றவாளி. கடினநீரில் கரைந்திருக்கும் கால்சியம், சூடான பரப்பைக் கண்டால் சுண்ணாம்பாகப் படியும். ஸ்லீவ்தான் அந்தத் தொட்டியிலேயே சூடான இடம். போதாததற்குப் பச்சைத் தண்ணீரே படிவை வேகப்படுத்துகிறது: நல்ல வெயிலில் பாசி தண்ணீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ள, மதியத்துக்கு மேல் பி.எச். 9 பக்கம் ஏறும், சுண்ணாம்பு இன்னும் எளிதாகப் பிரியும். பச்சை கூடினால் படிவு கூடும், படிவு கூடினால் கதிர் குறையும், கதிர் குறைந்தால் பச்சை கூடும். இந்தச் சுழலைப் புதுப் பல்ப் உடைக்காது. வெள்ளை மாவு பூசியது போல ஒரு மெல்லிய படலம் இருந்தாலே போதும். தண்ணீரில் நனைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாமல்கூடப் போகலாம். ஸ்லீவைக் கழற்றித் துடைத்து உலரவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஃபேஸும் நியூட்ரலும் மாறிக் கிடக்கும் வீடுகள் நிறைய. பத்து நிமிடம் ஆறவிட்டு, இரு பக்க பால் வால்வுகளையும் மூடி, குழாயை இணைக்கும் யூனியனைத் தளர்த்தித் தண்ணீரை வடியுங்கள். பல்பை முதலில் வெளியே எடுத்துத் துணியில் படுக்கவையுங்கள், பிறகு ஸ்லீவ். ஸ்லீவ், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் நெம்பாதீர்கள். லேசாகச் சுழற்றிச் சுழற்றி இழுத்தால் வரும். நெம்பினால் வாய் விளிம்பில் சில்லு போகும். அந்தச் சில்லு அடுத்த மாதம் ஓ-ரிங்கை அறுக்கும்.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் 50 கிராமை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஒரு பக்கம் மூடிய பி.வி.சி. பைப்பில் ஊற்றி, அதில் ஸ்லீவை நிறுத்திவிடுங்கள். நுரைத்துக்கொண்டு படிவு கரையும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் போதும். தடித்த படிவென்றால் புதுக் கரைசலில் இன்னொரு முறை. சமையல் வினிகரும் ஆகும், கொஞ்சம் மெதுவாக. கரைந்த பின் மென்மையான துணியால் துடையுங்கள். ஸ்டீல் நார், பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பர் இரண்டும் வேண்டாம். கீறல் விழுந்த இடத்தில் அடுத்த படிவு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். இரும்பு கலந்த தண்ணீரில் படிவு வெள்ளையாக இல்லாமல் துருச்சிவப்பாக இருக்கும். அதற்குச் சிட்ரிக் கரைசலில் கூடுதல் நேரம் தேவை. பாத்ரூம் ஆசிட்டை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாடிக்குள் ஊற்றவே கூடாது. அதிலுள்ள குளோரைடு ஸ்டீலில் ஊசிக்குத்துக் குத்தாய்த் துளை போடும். அந்த ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே வாளியில் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

திரும்பப் போடும்போது பல்பையும் ஸ்லீவின் உட்புறத்தையும் வெறும் விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் சூட்டில் கருகி நிரந்தரக் கறையாகும். பட்டுவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிடலாம். ஓ-ரிங்குக்குச் சிலிகான் கிரீஸ் ஒரு பூச்சு. வாசலின் தடவினால் சிலவகை ரப்பர் ஊதிப்போகும். மூடியைக் கையால் மட்டும் இறுக்குங்கள். ஸ்பேனர் போட்டு இறுக்கி ஸ்லீவ் விரிசல் விட்ட கதைகள் ஏராளம். சென்னை புறநகர் போர் தண்ணீருக்கு இந்தச் சுத்தம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மழைநீரோ மென்னீரோ நிரப்பும் குளத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று தொடங்கி, படிவைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

ஸ்லீவ் உடைந்து, "அதே சைஸ் கண்ணாடிக் குழாய்" என்று லேப் பொருள் கடையில் வாங்கிப் போட்டிருந்தால், வேறெங்கும் தேட வேண்டாம். சாதாரணக் கண்ணாடியும் போரோசிலிகேட்டும் 254 கதிரை அநேகமாக முழுதாகத் தடுத்துவிடும். நீலம் அழகாகத் தெரியும், பாசிக்கு ஒன்றும் ஆகாது. ஸ்லீவுக்குக் குவார்ட்ஸ்தான் வேண்டும். பல்பிலும் இதே ஏமாற்று உண்டு: 365 நானோமீட்டர் வகை, கொசு பிடிக்கும் மெஷினிலும் கள்ள நோட்டு பார்க்கும் மெஷினிலும் வரும் பல்ப், அதே பின், அதே நீளத்தில் கிடைக்கும். பல்பின் மேல் 254 அல்லது யூ.வி.சி. என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். யூ.வி.சி. பல்பின் கண்ணாடி நிறமில்லாமல் தெளிவாக இருக்கும். வெள்ளைப் பூச்சோ கருநீலச் சாயமோ இருந்தால் அது வேறு பல்ப்.

கதிர் சரியாக இருந்தும் பச்சை என்றால் அடுத்தது ஓட்டம். பம்பின் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அது தண்ணீரை மேலே ஏற்ற வேண்டிய உயரம் எதுவும் இல்லாதபோது வரும் அளவு. தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் வாயில் 20 லிட்டர் வாளியைப் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி என்று போனில் பாருங்கள். 20-ஐ 3,600-ஆல் பெருக்கி விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 24 விநாடியில் நிரம்பினால் 3,000 லிட்டர். 10,000 லிட்டர் குளத்துக்கு இது கொஞ்சம் குறைவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முழுக் கொள்ளளவும் சுற்றிவர வேண்டும் என்பது பொதுக்கணக்கு, அதாவது மணிக்கு 5,000.

இங்கே பலர் தடுமாறும் கணக்கு ஒன்று. கொள்ளளவுக்குச் சமமான தண்ணீர் குழாய் வழியே போனாலும் எல்லாத் துளியும் ஒருமுறை போய்விட்டது என்று அர்த்தமில்லை. நன்றாகக் கலக்கும் குளத்தில் ஒரு சுற்றில் 63 சதவீதம்தான் உள்ளே போயிருக்கும். மீதி சுற்றாமலே இருக்கும். மூன்று சுற்றில்தான் 95 சதவீதம். பாசியோ நல்ல வெயிலில் ஒரு நாளிலேயே இரட்டிக்கும். ஓட்டம் மந்தமாக இருந்தால் யூ.வி. கொல்வதை விடக் குளத்தில் பிறப்பது அதிகம். மாறாக, பெரிய பம்பைச் சின்ன யூ.வி.யில் கொடுத்தால் பாசி குழாய்க்குள் நின்று கதிர் வாங்காமல் பாய்ந்து ஓடிவிடும். அப்போது குழாயில் மூன்று வாய் உள்ள டீ இணைப்பு போட்டு, பால் வால்வு வைத்து, கொஞ்சம் தண்ணீரை யூ.வி.க்குள் போகாமல் நேரே விடுங்கள். குளத்தின் மூலையில் இலை சுற்றாமல் நிற்கும் இடம் இருந்தால் அங்கே தண்ணீரே கலக்கவில்லை என்று பொருள். திரும்பும் வாயின் திசையை மாற்றினாலே சில குளங்கள் தெளிந்துவிடும்.

வாட் கணக்கு: ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை வாட் என்பது நிழலும் குறைந்த மீனும் உள்ள குளத்துக்கு. மொட்டை வெயிலில், மீன் நெருக்கமாக இருக்கும் சிமெண்ட் தொட்டிக்கு நான்கு, ஐந்து வாட் வேண்டும். ஆக, நிழலில் உள்ள 10,000 லிட்டர் குளத்துக்கு 25 வாட்டே போதும், வெயில் குளத்துக்கு 40-50. பெட்டியில் "20,000 லிட்டர் வரை" என்று போட்டிருப்பதைப் பாதியாக எடுத்துக்கொள்வது நம்மூர் வெயிலுக்குப் பாதுகாப்பு.

யூ.வி. வேலை செய்தாலும் தெளிய ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் சேதமான பாசி கட்டிக்கட்டியாகச் சேரும்; ஃபில்டர் அதைப் பிடிக்கும். இந்த நாட்களில் ஸ்பாஞ்ச் தினமும் அடைத்துக்கொள்ளும். அதை அலசாமல் விட்டால் ஓட்டம் குறைந்து, மேலே சொன்ன கணக்கெல்லாம் கவிழும். அழுகும் பாசியிலிருந்து அமோனியாவும் கிளம்பும். அலசுவதைக் குளத்துத் தண்ணீரிலேயே செய்யுங்கள், குளோரின் உள்ள குழாய்த் தண்ணீர் ஃபில்டரின் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும். ஏர் பம்ப் இரவிலும் ஓட வேண்டும். செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜன் குறைந்து விடிகாலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் இதுதான் காரணம். தெளியும் வரை தீனியைப் பாதியாகக் குறைப்பதும் உதவும்; பாசிக்கு உரமே மிச்சத் தீனிதான்.

விளக்கே எரியவில்லை என்றால் வேலை எளிது. ஸ்டார்ட்டர் உள்ள பழைய வகையில் முதலில் ஸ்டார்ட்டரை மாற்றிப் பாருங்கள், அதுதான் மலிவு. வோல்ட்டேஜ் 180-க்குக் கீழே இறங்கும் ஊர்களில் காப்பர் சோக் பல்பைப் பற்றவைக்க முடியாமல் துடித்துக்கொண்டிருக்கும்; இரவு எரிந்து, மாலை துடித்தால் குற்றம் பல்பில் இல்லை, லைனில். நான்கு பின் பல்பை மல்டிமீட்டரில் பார்க்கலாம்: ஒவ்வொரு முனையின் இரண்டு பின்னுக்கும் இடையே சில ஓம் காட்ட வேண்டும், ஒன்றும் காட்டாவிட்டால் இழை அறுந்தது. குழாய் U போல மடங்கிய பி.எல். வகையில் நான்கு பின்னும் ஒரே பக்கம் இருக்கும், இரண்டிரண்டாகப் பாருங்கள். இரண்டே பின் உள்ள சின்னப் பல்புகளில் ஸ்டார்ட்டர் உள்ளேயே இருப்பதால் இந்தச் சோதனை செல்லாது, நல்ல பல்பும் அறுந்ததுபோலவே காட்டும். எலக்ட்ரானிக் சோக்கின் வெளிவரும் மின்சாரத்தைச் சாதாரண மீட்டரால் அளக்காதீர்கள்; அதிர்வெண் அதிகம், மீட்டர் உளறும். தெரிந்த நல்ல பல்பைப் போட்டும் எரியாவிட்டால் சோக்தான் போயிருக்கிறது.

எரியும் பல்பை மூடி திறந்து பார்க்கவே கூடாது. வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆறேழு மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் எரியும்.

யூ.வி. போட்டதும், மின்கசிவு இருந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுகிறதா? நல்லதுதான், அது தன் வேலையைச் செய்கிறது. தண்ணீர் எங்கோ மின்சாரத்தைத் தொடுகிறது. "டிரிப் ஆகிக்கிட்டே இருக்கு" என்று அதைத் தவிர்த்து நேரடியாக இணைத்துவிட்டுக் குளத்தில் கை விடுவதுதான் இந்த வேலையில் உயிர் போகும் வழி. குளத்து லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் எர்த்தும் இல்லாமல் யூ.வி. ஓடவே கூடாது. மூடியைத் திறந்து ஸ்லீவுக்குள் ஈரம் பாருங்கள். மழைக்காலத்தில் வெறும் வியர்வையும் கோக்கும். அதுவும் கசிவும் ஒன்றுபோல் தெரியும். துளியை ஒரு கறுப்புத் தட்டில் வைத்து உலரவிடுங்கள். வெள்ளை உப்புத் தடம் விட்டால் குளத்துத் தண்ணீர், கசிவு. தடமே இல்லாவிட்டால் காற்றின் ஈரம். கசிவென்றால் ஓ-ரிங்கை மாற்றி, ஸ்லீவின் மூடிய முனையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள்.

கரண்ட் போகும் ஊர்களுக்கே உரிய கோளாறு ஒன்று: 36 வாட் தானே என்று யூ.வி.யை இன்வெர்ட்டரில் கொடுத்துவிட்டு, பம்பை மெயினில் விடுவது. பம்ப் நிற்கும், விளக்கு எரியும், உள்ளே நிற்கும் தண்ணீர் சூடாகும், படிவு கெட்டியாகும். தண்ணீர் வடிந்துவிட்டால் பிளாஸ்டிக் பாடியே வளையும். கரண்ட் வந்ததும் குளிர்ந்த தண்ணீர் சூடான குவார்ட்ஸில் மோதும். இரண்டையும் ஒரே ஸ்விட்சில் கட்டுங்கள். பாடியைப் படுக்க வைத்தால் இரண்டு வாயும் மேல் பக்கம் பார்க்க வேண்டும், அப்போதுதான் உள்ளே காற்றுக் குமிழ் தங்காது.

மீனுக்கு மருந்து போடும் நாட்களில் யூ.வி.யை அணைத்துவிட வேண்டும், பம்ப் ஓடட்டும். மலகைட் கிரீன், மெத்திலீன் புளூ, ஆக்சிடெட்ராசைக்ளின் எல்லாம் கதிரில் சிதையும். மருந்து போட்டும் மீன் தேறவில்லை என்பவர்களில் சிலர் யூ.வி.யை ஓடவிட்டவர்கள். ஃபில்டருக்காகப் பாட்டிலில் விற்கும் பாக்டீரியா ஊற்றினாலும் இரண்டு மூன்று நாள் அணைத்துவைக்கலாம், அது ஃபில்டருக்குள் இருக்கும் மீடியாவில் ஒட்டும் வரை. ஒட்டிய பின் யூ.வி.யால் அதற்குத் தொல்லை இல்லை.

நீச்சல் குளத்தில் கதை வேறு. அங்கே யூ.வி. குளோரினுக்கு மாற்று என்று விற்கப்படுவது தவறு. கதிர் குழாய்க்குள் மட்டும்தான் இருக்கிறது. குழாய்க்கு வெளியே, குளத்தில் குளிப்பவர் பக்கத்தில் நீந்துபவருக்குக் கொடுக்கும் கிருமியை அது தொடாது. 1 முதல் 3 பி.பி.எம். குளோரின், பி.எச். 7.2 முதல் 7.8 என்பது யூ.வி. இருந்தாலும் வேண்டும். யூ.வி.யின் உண்மையான பயன், சரியான குளோரினிலும் 7 நாளுக்கு மேல் பிழைக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமியை முடக்குவது. யூ.வி. வைத்த பின் குளோரின் வழக்கத்தை விட வேகமாகக் குறைகிறதா? குளோரினைத் தண்ணீரில் சேர்க்கும் டோசர் யூ.வி.க்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். கதிர் குளோரினையும் உடைக்கும். பம்ப், மணல் ஃபில்டர், யூ.வி., கடைசியாக டோசர் என்பதே வரிசை. ஃபில்டரை பேக்வாஷ் செய்யும்போது, அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அலசும்போது, யூ.வி. வழியே ஓட்டம் இருக்காது, அணைத்துவிட வேண்டும். ஃப்ளோ ஸ்விட்ச் இருந்தால் தானே அணையும், அது ஒட்டிக்கொண்டு வேலை செய்யாமல் இருப்பதும் பல்ப் எரியாததற்கு ஒரு காரணம். சுவரில் பாசி என்றால் அங்கும் பிரஷ்ஷும் குளோரினும்தான்.

கழற்றிய பல்பைக் குப்பைத் தொட்டியில் உடைக்காதீர்கள்; உள்ளே பாதரசம். மின்கழிவு எடுப்பவரிடம் புதுப் பல்பின் அட்டைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுங்கள். கைதவறி உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்து, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, கால் மணி நேரம் கழித்து, கையுறையோடு அட்டையால் சில்லுகளை வழித்து, ஈரத் தாளால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள். விளக்குமாறும் வாக்குவம் கிளீனரும் வேண்டாம், இரண்டும் பாதரசத்தை வீடு முழுக்கப் பரப்பும்.